சோர்வும் சோம்பலும்: உளத்தளர்ச்சி பற்றிய சிந்தனையின் வரலாறு

மனித உள்ளத்தின் தளர்ச்சி எல்லாக் காலங்களிலும் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்பட்டு வந்துள்ளதொன்றாகும். பெருந்துயரம் எதுவும் நேராத வேளையிலும் ஊக்கம் குன்றுதல், வழக்கமான கருமங்கள் மலைபோலத் தோன்றுதல், விரும்பிய நூலும் விரும்பிய நண்பரும் சுவையற்றுப் போதல், உறங்கி எழுந்த பின்னரும் களைப்பு நீங்காதிருத்தல் என்பன அதன் பொதுவான குறிகளாகும். இந்நிலையைச் சாதாரண வழக்கில் மனச்சோர்வு என்பர். ஆயினும் அந்நிலைக்கு ஆளானவரைச் சுற்றியிருப்போர் பெரும்பாலும் வேறொரு சொல்லையே வழங்குகின்றனர். ‘சோம்பல்’ என்பதே அச்சொல். விரிவுரைக்குச் செல்லாது விடுதி அறையிற் படுத்திருக்கும் மாணவனைப் பற்றி வீட்டாரும் ஆசிரியரும் உடன் பயில்வோரும் கூறும் முதல் விளக்கம் இதுவே. காலப்போக்கில் அவனே தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் விளக்கமாகவும் இது அமைந்துவிடுகின்றது.

இவ்விரு சொற்களும் ஒரு பொருளைக் குறிப்பனவல்ல. திருக்குறளின் பொருட்பாலில் மடியின்மை 61ஆம் அதிகாரமாகவும் இடுக்கணழியாமை 63ஆம் அதிகாரமாகவும் வெவ்வேறாக வகுக்கப்பட்டுள்ளன. மடி ஒருவன் நீக்கவேண்டிய குற்றமாகவும், இடுக்கண் ஒருவனுக்கு வந்து நேரும் துன்பமாகவும் அங்கு பேசப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குரிய நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறும். அவற்றுள் அசைவு என்பது முன்னைய நிலையினின்றும் தளர்ந்து வருந்துதலைக் குறிப்பது. இலக்கிய மரபில் இவ்வாறு பிரித்தறியப்பட்டவை நடைமுறை வாழ்வில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இக்கலப்புத் தமிழ்ச் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய சிந்தனை வரலாற்றில் அது எவ்வாறு தோன்றியது, எத்தகைய விளைவுகளைத் தந்தது, எவ்வாறு படிப்படியாகத் திருத்தப்பட்டது என்பவற்றை எழுத்துச் சான்றுகள் வாயிலாகத் தெளிவாகக் காணமுடிகின்றது. அவ்வரலாற்றை நோக்குதல் அன்றாட மனச்சோர்வினை விளங்கிக்கொள்வதற்கும் அதனின்றும் மீள்வதற்கும் துணைசெய்வதாகும்.

பண்டைக் கிரேக்கத்தில் உளத்தளர்ச்சி முதலில் மருத்துவர்களின் ஆய்வுப் பொருளாகவே விளங்கியது. ஹிப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள், அச்சமும் துயரமும் நெடுங்காலம் நீடிக்குமாயின் அந்நிலையை ‘மெலங்கோலியா’ எனக் குறிப்பிட்டன. கரும்பித்தம் என்பதே அச்சொல்லின் பொருள். உடலில் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்கள் உள்ளன என்றும், அவற்றுட் கரும்பித்தம் மிகுவதால் இந்நிலை விளைகின்றது என்றும் அம்மருத்துவர் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலன் இக்கருத்தினை ஒழுங்குபடுத்தினார். கரும்பித்தம் என்றொரு நீர்மம் உடலில் இல்லை என்பது இன்று தெளிவு. எனினும் துயரத்தின் அளவோடு அது நீடிக்கும் காலத்தையும் கவனிக்கவேண்டும் என்ற அவதானிப்பும், துயருற்றவரைக் குற்றவாளியாகக் கருதாது நோயாளியாக நோக்கிய மனப்பான்மையும் இம்மருத்துவ மரபின் பேறுகளாகும்.

இம்மரபு கிரேக்க நூல்களோடு நின்றுவிடவில்லை. அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் அதனை மேலும் வளர்த்தனர். அபூ சைத் அல்-பல்கி (850-934) உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தவர். அவர் துயரத்தை இருவகைப்படுத்தினார். அன்புக்குரியவரை இழத்தல் போன்ற அறியத்தக்க காரணத்தால் வருவது ஒரு வகை. காரணம் எதுவும் புலப்படாது, உடலின் நிலையால் விளைவது மற்றொரு வகை. எதிர்பாராத உடல் உபாதைக்காக மருந்தினை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதுபோல, உள்ளம் நலமாக இருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்தல் வேண்டும் என்பது அவரது அறிவுரைகளுள் ஒன்று. காரணம் தெரியாத துயரமும் உண்மையான துயரமே என ஏற்றுக்கொண்டமை அவரது பகுப்பின் சிறப்பாகும்.

மருத்துவ மரபுக்குப் புறம்பாக, வேறொரு மரபு எகிப்தியப் பாலைவனத்தில் உருவாயிற்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியர் பலர் நகர வாழ்வைத் துறந்து அங்கு தனிக்குடில்களில் வாழ்ந்தனர். கொன்ஸ்தாந்திநோபிளில் திருத்தொண்டராகப் பணிபுரிந்து, பின்னர் எகிப்துக்கு வந்து 399இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த எவகிரியஸ் என்பார் அத்துறவியரின் உள்ளத்தை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள் துயரமும், ‘அக்கேடியா’ எனப்படும் தளர்ச்சியும் தனித்தனியே இடம்பெற்றன. அக்கேடியா என்பதன் நேர்ப்பொருள் அக்கறையின்மை என்பதாகும். அதனை அவர் நண்பகற் பேய் எனவும் அழைத்தார்.

எவகிரியஸ் தரும் வருணனை இன்று வாசிப்போருக்கும் மிகப் பரிச்சயமானதாகத் தோன்றும். முற்பகல் பத்து மணியளவில் தளர்ச்சி துறவியைப் பற்றிக்கொள்கின்றது. சூரியன் நகராது நிற்பதுபோலவும், பகற்பொழுது ஐம்பது மணி நேரம் நீள்வதுபோலவும் அவனுக்குத் தோன்றுகின்றது. அவன் சாளரத்தை அடிக்கடி பார்க்கின்றான். உணவு நேரம் நெருங்கிவிட்டதா என அறிய வெளியே செல்கின்றான். இருக்கும் இடத்தின் மீதும் செய்யும் தொழிலின் மீதும் வெறுப்பு எழுகின்றது. உடனுறைவோரிடையே அன்பு அற்றுவிட்டது, தன்னைத் தேற்றுவார் எவருமிலர் என்ற எண்ணம் தோன்றுகின்றது. விட்டுவந்த வீடும் சுற்றமும் நினைவுக்கு வருகின்றன. வேறோரிடம் சென்றால் எல்லாம் சீராகும் எனவும் அவன் கருதத் தொடங்குகின்றான்.

இவ்வருணனையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அத்துறவி ஓய்வினை அனுபவிக்கவில்லை. சோம்பல் உடையவனுக்கு ஓய்வு இன்பமளிப்பது; அவன் வேலையைத் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றான். சோர்வுற்றவனுக்கு வேலையும் இன்பமில்லை, ஓய்வும் இன்பமில்லை. எவகிரியஸ் கூறிய பரிகாரங்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்தனவாகவே அமைந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவினை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அவ்வளவு முடியும் வரை அதனைக் கைவிடாதிருத்தல் வேண்டும் என்றார். கண்ணீர் விடுதலை அவர் இழிவாகக் கருதவில்லை. உள்ளத்தை இரு கூறாக்கி, ஒரு கூறு மற்றைய கூற்றினைத் தேற்றுமாறு செய்தல் வேண்டும் என்பது அவரது மற்றோர் அறிவுரை. இப்போராட்டம் கடந்துபோகும், அதன் பின் அமைதியும் மகிழ்ச்சியும் வரும் என்றும் அவர் உறுதிகூறினார்.

இச்சிந்தனையை இலத்தீன் மொழிக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் கொண்டுசென்றவர் ஜோன் கசியான். இவர் எகிப்தியத் துறவியரோடு வாழ்ந்து பின்னர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் நகரில் மடங்களை நிறுவினார். துறவற ஒழுங்குகள் பற்றிய அவரது நூலின் பத்தாவது பகுதி அக்கேடியா பற்றியது. அதன் பெரும்பகுதி உடலுழைப்பின் கடமையை வலியுறுத்துவதாக அமைந்துள்ளது. பவுல் என்னும் துறவியைப் பற்றிய கதை அதில் வருகின்றது. ஊரிலிருந்து ஏழுநாட் பயணத் தூரத்தில் வாழ்ந்த அவர், தாம் செய்த கைவேலைப் பொருள்களை விற்க வழியில்லாதபோதும் நாள்தோறும் ஓலை சேர்த்து உழைத்தார். ஆண்டு முடிவில் அனைத்தையும் தீயிட்டு எரித்துவிட்டு மீண்டும் தொடங்கினார். உழைப்பின் பயன் பொருளீட்டலன்று, உள்ளத்தை நிலைநிறுத்தலே என்பது இக்கதையின் கருத்து. ஆயினும் பரிகாரமாகிய உழைப்பு முதன்மை பெற்றபோது, நோயின் இயல்பும் அப்பரிகாரத்தின் வழியாகவே விளங்கிக்கொள்ளப்படலாயிற்று. உழைப்பினால் நீங்குவது உழையாமையாகத்தான் இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு இதிலிருந்து நெடுந்தூரம் இல்லை.

590 முதல் 604 வரை பாப்பரசராக விளங்கிய பெரிய கிரகோரியார் எட்டு எண்ணங்களின் பட்டியலை ஏழு தலையாய தீமைகளாக மாற்றியமைத்தார். அதில் அக்கேடியா தனி இடம் பெறாது துயரத்துள் அடங்கியது. கடமைகளில் மந்தம், நம்பிக்கையிழத்தல் முதலியன துயரத்தின் விளைவுகளாகக் கூறப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பட்டியலில் துயரம் என்ற பெயர் மறைந்து அக்கேடியா என்ற பெயர் மீண்டும் இடம்பிடித்தது. 1215இல் நடைபெற்ற நான்காம் இலாத்தரன் சங்கம் கிறித்தவர் யாவரும் ஆண்டுக்கொரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என விதித்தது. அதன்பின் துறவியருக்குரிய நுட்பமான சொற்கள் பொதுமக்களுக்குரிய பாவப் பட்டியல்களாக எளிமைப்படுத்தப்பட்டன. அக்கேடியா படிப்படியாகக் கடமையில் அசட்டை, வழிபாட்டுக்குப் பிந்தி வருதல், வேலையில் மந்தம் என்ற பொருள்களைப் பெற்று, ஈற்றில் சோம்பல் என்றே வழங்கலாயிற்று. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட கால எல்லையில், ஓர் உள்ளத் துன்பத்தின் பெயர் ஓர் ஒழுக்கக் குற்றத்தின் பெயராக மாறிய வரலாறு இது.

எனினும் இடைக்காலச் சிந்தனை முழுவதையும் ஒரே நிறத்திற் காண்பது பொருந்தாது. 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான தோமஸ் அக்குவைனாஸ் அக்கேடியாவைப் பாவங்களுள் ஒன்றாகவே ஆராய்ந்தார். ஆனால் அதே நூலின் மற்றொரு பகுதியில் துயரத்தை மனித இயல்பான உணர்ச்சியாகக் கொண்டு, அதனைத் தணிக்கும் வழிகளையும் எடுத்துக்காட்டினார். இன்பம் தரும் செயல், அழுகை, நண்பரின் பரிவு, உண்மையைச் சிந்தித்தல், உறக்கமும் நீராடலும் என்பன அவர் கூறியவை. நீராடலும் உறக்கமும் இறையியல் நூலொன்றில் இடம்பெற்றமை வியப்பூட்டலாம். உடலைத் தேற்றுதல் உள்ளத்தைத் தேற்றும் வழியாகும் என்ற நடைமுறை அறிவு அக்காலத்தும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

மறுமலர்ச்சிக் காலத்தில் நிலைமை மற்றொரு திசைக்குத் திரும்பிற்று. இத்தாலிய அறிஞரான மார்சிலியோ பிச்சினோ 1489இல் வெளியிட்ட நூலில் மெலங்கோலியாவைக் கல்விமான்களின் தனிப்பண்பாகவும், பேராற்றலோடு தொடர்புடையதாகவும் எடுத்துரைத்தார். குற்றமாகக் கருதப்பட்டது இப்பொழுது பெருமையாகவும் கருதப்படலாயிற்று. இதுவும் ஒரு மயக்கமே. சோர்வினைப் பாவமெனக் கருதுவோர் அதனை மறைக்க முயல்வர். அதனை மேதைமையின் அடையாளமெனக் கருதுவோர் அதனைப் பேணி வளர்ப்பர். இரு சாராரும் அதனை உள்ளபடி காணத் தவறுகின்றனர்.

உள்ளபடி காணும் முயற்சியிற் பெரும்பங்கு வகித்தவர் றொபேட் பேட்டன் (1577-1640). ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இவர் மெலங்கோலியாவை ஆராயும் பெருநூலினை 1621இல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அந்நூல் ஐந்து பதிப்புக்களைக் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் அவர் புதிய செய்திகளைச் சேர்த்துக்கொண்டே சென்றார். தாமும் அந்நிலைக்கு ஆளானவர் என்பதையும், அதனைத் தவிர்ப்பதற்காகவே அதுபற்றி எழுதுவதில் ஈடுபட்டதையும் அவர் மறைக்கவில்லை. கல்வி கற்போரின் இடர்களுக்கு அந்நூலில் ஒரு தனிப்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளமை பல்கலைக்கழகத்தாருக்குக் குறிப்பாக நோக்கத்தக்கது. தனிமை, உடலசைவற்ற வாழ்க்கை, இடைவிடாத படிப்பு, வறுமை, எதிர்காலம் பற்றிய ஐயம் என்பன அங்கு காரணங்களாகக் காட்டப்படுகின்றன. ஓவியன் தூரிகையைக் கழுவுகின்றான்; கொல்லன் சம்மட்டியைப் பேணுகின்றான்; கற்போன் மட்டும் தன் கருவியாகிய மூளையைப் பேண மறக்கின்றான் என்ற பிச்சினோவின் கருத்தை அவர் எடுத்தாள்கின்றார். நூலின் இறுதியில் அவர் தரும் அறிவுரை மிகச் சுருக்கமானது: தனித்திருத்தலையும் வாளாவிருத்தலையும் தவிர்த்தல்.

பேட்டனின் நூலை ஆர்வத்தோடு வாசித்தவர்களுள் ஒருவர் ஆங்கில அகராதியை ஆக்கிய சாமுவேல் ஜோன்சன் (1709-1784). தாம் எழ விரும்பியதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே தம்மைப் படுக்கையிலிருந்து எழச்செய்த ஒரே நூல் அதுவென அவர் கூறியதாகப் பொஸ்வெல் பதிவு செய்துள்ளார். வறுமை காரணமாக ஒக்ஸ்போட் படிப்பைத் தொடரமுடியாது போன 1729ஆம் ஆண்டில், ஏறத்தாழ 20 வயதில், ஜோன்சன் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். அதனை வெல்லும் பொருட்டுத் தமது ஊராகிய லிச்பீல்டிலிருந்து பேர்மிங்ஹாம் நகருக்கு நடந்துசென்று மீள்வதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். தமது நிலையை இலத்தீன் மொழியில் எழுதி, தமது ஞானத்தந்தையும் மருத்துவருமான சுவின்பென் என்பாரிடம் கொடுத்தார். அவ்வெழுத்தின் நுட்பத்தை வியந்த மருத்துவர் அதனைப் பிறருக்கும் காட்டினார். இதனை அறிந்த ஜோன்சன் ஆழ்ந்த மனவருத்தமடைந்தார். சோர்வுற்றவர் தம் உள்ளத்தை ஒருவரிடம் திறப்பது எத்துணை அரிய செயல், அந்நம்பிக்கை முறியுமாயின் நேரும் இழப்பு எத்துணைப் பெரிது என்பனவற்றை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சோர்வும் சோம்பலும் கலந்துவிட்ட மரபின் சுமையை ஜோன்சனின் வாழ்வு தெளிவாகக் காட்டுகின்றது. 1755இல் வெளிவந்த அவரது அகராதி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை விளக்குவது. 1750 முதல் 1752 வரை வாரம் இருமுறை வெளிவந்த இதழொன்றின் 208 கட்டுரைகளுட் பெரும்பாலும் அனைத்தையும் அவரே எழுதினார். இத்துணை உழைத்தவர் தம் அந்தரங்கக் குறிப்புக்களில் ஆண்டுதோறும் தம்மைச் சோம்பேறி எனக் கடிந்துகொண்டார். அதிகாலையில் எழுவதாக உறுதிபூண்டு, அவ்வுறுதி முறிந்ததென வருந்தினார். 1758இல் தொடங்கிய தமது கட்டுரைத் தொடருக்கும் ‘சோம்பேறி’ என்னும் பொருள்படும் பெயரையே இட்டார். உழைப்பின் அளவு கூடியபோதும் குற்றவுணர்வு குறையவில்லை. தம் துன்பத்துக்குத் தவறான பெயர் சூட்டிக்கொண்டவர், அப்பெயர் குறிக்கும் குற்றத்தை எவ்வளவு திருத்தியும் துன்பத்திலிருந்து விடுபட முடிவதில்லை.

எனினும் ஜோன்சன் பிறருக்குக் கூறிய அறிவுரைகளில் இக்கண்டிப்பு இல்லை. பொஸ்வெல்லும் இத்தகைய தளர்ச்சிக்கு ஆளானவர். துன்பந்தரும் எண்ணங்களோடு நேருக்குநேர் போரிடுதல் பயனற்றது, உள்ளத்தை வேறு பொருளிற் செலுத்துதலே தக்கது என ஜோன்சன் 1776இல் அவருக்கு எடுத்துரைத்தார். 1779இல் எழுதிய கடிதத்தில் பேட்டனின் அறிவுரையை அவர் திருத்தியமைத்தார். வேலையற்றிருக்கும் இயல்புடையோர் அவ்வேளையில் தனித்திருத்தலாகாது. தனித்திருக்க நேர்ந்தோர் அவ்வேளையில் வேலையற்றிருத்தலாகாது என்பது அத்திருத்தத்தின் சாரம். இது சிறு மாற்றமே. ஆயினும் பேட்டன் இரண்டையும் ஒருங்கே கோரினார். ஜோன்சன் இரண்டில் ஒன்றையேனும் பற்றிக்கொள்ளுமாறு கூறினார். தளர்ந்த உள்ளத்தால் எவ்வளவு இயலும் என்பதை அனுபவத்தால் அறிந்தவரின் அறிவுரை இது. 1766இல் அவர் மீண்டும் கடுஞ்சோர்வுற்றபோது, திரேல் தம்பதியர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச்சென்று பேணினர். அந்நட்பு அவரது பிற்கால வாழ்வுக்குப் பெருந்துணையாயிற்று.

உழையாமையே சோர்வின் காரணம் என்ற கொள்கைக்கு நேர்மாறான சான்றாக அமைவது ஜோன் ஸ்டுவட் மில்லின் (1806-1873) அனுபவமாகும். தந்தையின் கடுமையான கல்வித்திட்டத்தில் வளர்ந்த மில், 17ஆம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பனியிற் பணியேற்றார். பெந்தாமின் சட்டநூலொன்றினை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பிக்கும் பணியையும் அக்காலத்திற் செய்தார். 1826ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அவருக்கு 20 வயதாக இருந்தபோது, ஒரு கேள்வி அவருள்ளத்தில் எழுந்தது. தாம் விரும்பும் சமுதாயச் சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்பதே அது. உண்டாகாது என்ற விடை அவரை நிலைகுலையச் செய்தது. அதன்பின் வந்த மாதங்களில் அவர் தமது வேலைகளைக் கைவிடவில்லை. பழக்கத்தின் வலிமையால் இயந்திரம்போல அவற்றைச் செய்துகொண்டே இருந்தார். புறத்தே நோக்கியோருக்கு அவரிடம் குறையெதுவும் தோன்றியிராது. தம் நிலையை விளங்கிக்கொள்வார் எவருமிலர் எனக் கருதி, தந்தையிடமும் அவர் அதனைக் கூறவில்லை.

மில்லின் மீட்சி உழைப்பினால் வரவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்ரெலின் நினைவுநூலை வாசித்தபோது, தந்தையை இழந்த சிறுவன் தன் குடும்பத்துக்குத் தானே துணையாவேன் என உறுதிபூணும் இடத்தில் அவர் கண்ணீர் விட்டார். தம்முள் உணர்ச்சி முற்றாக அற்றுவிடவில்லை என்பதை அக்கண்ணீர் அவருக்கு அறிவித்தது. 1828இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகளை வாசித்தமை அவருக்கு மேலும் ஆறுதலளித்தது. மகிழ்ச்சியை நேரடியாகத் தேடுவோர் அதனை அடைவதில்லை, பிறிதொரு நோக்கத்தில் உள்ளத்தைச் செலுத்துவோருக்கே அது வழியிடைப் பேறாகக் கிடைக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. 1873இல் வெளிவந்த அவரது தன்வரலாறு இச்செய்திகளைத் தருகின்றது. பரீட்சைகளில் திறமைச் சித்தி பெறும் மாணவரும் இடையறாது எழுதும் ஆய்வாளரும் மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடும் என்பதும், செயல் உள்ளத்தைத் தொடாவிடின் அது மருந்தாகாது என்பதும் இவரது வாழ்விலிருந்து பெறப்படும் பாடங்களாகும்.

20ஆம் நூற்றாண்டில் இவ்வனுபவ அறிவு ஆய்வுக்குட்படுத்தப்பட்டது. 1917இல் வெளிவந்த பிராய்டின் கட்டுரை இழப்பினால் வரும் துக்கத்தையும் மெலங்கோலியாவையும் ஒப்பிட்டு, பின்னதில் தன்னைத் தானே இகழும் போக்கு மேலோங்குவதைச் சுட்டியது. 1957இல் மனச்சோர்வு நோய்க்கான முதல் மருந்துகள் பற்றிய செய்திகள் வெளியாயின. 1960களில் அமெரிக்க உளமருத்துவரான ஆரன் பெக், சோர்வுற்றோரின் உள்ளத்தில் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் பற்றிய இழிவான எண்ணங்கள் தாமாகவே எழுவதை அவதானித்தார். அவற்றை உண்மையெனக் கொள்ளாது, சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பழக்குவதே அவர் வகுத்த சிகிச்சையின் அடிப்படை. ‘நான் சோம்பேறி’ என்ற முடிவும் அவ்வாறு சோதிக்கத்தக்க எண்ணமேயன்றி நிறுவப்பட்ட உண்மையன்று.

1970களில் பீற்றர் லூயின்சன் முதலான உளவியலாளர் செயலுக்கும் மனநிலைக்கும் இடையிலுள்ள தொடர்பினை ஆராய்ந்தனர். வாழ்வில் நிறைவு தரும் அனுபவங்கள் குறையும்போது மனநிலை தாழ்கின்றது. மனநிலை தாழ்ந்தவர் செயல்களிலிருந்தும் மனிதரிடமிருந்தும் விலகுகின்றார். விலகுவதால் நிறைவு தரும் அனுபவங்கள் மேலும் குறைகின்றன. இவ்வாறு ஒரு சுழல் உருவாகின்றது. செயலின்மை இங்கு ஒழுக்கக் குறைபாடாகத் தோன்றவில்லை. சோர்வின் விளைவாகவும், அதனை நீடிக்கச் செய்யும் காரணமாகவும் ஒருங்கே அமைகின்றது. ஊக்கம் வந்த பின்னரே செயல் தொடங்கவேண்டும் எனக் காத்திருப்பவர் இச்சுழலிலிருந்து வெளியேறுதல் அரிது. சிறு செயல் முதலில் தொடங்கப்பட, ஊக்கம் அதனைப் பின்தொடர்கின்றது. இவ்வடிப்படையில் அமைந்த சிகிச்சை 2016இல் இங்கிலாந்தில் 440 பேரைக் கொண்டு ஆராயப்பட்டது. எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சைக்கு அது குறைந்ததன்று என்பதும், நீண்ட பயிற்சி பெற்ற உளவியலாளர் அல்லாதோராலும் அதனை வழங்கமுடியும் என்பதும் அவ்வாய்வின் முடிவுகள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு வகுக்கவேண்டும் என்ற எவகிரியசின் அறிவுரையும், இரண்டில் ஒன்றையேனும் பற்றிக்கொள் என்ற ஜோன்சனின் அறிவுரையும் இவ்வாய்வுகளோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றன. பாடநூல் முழுவதையும் முடிக்க எண்ணி மலைப்பதிலும் பார்க்க இரண்டு பக்கம் வாசித்தல், அறையிலேயே முடங்கிக் கிடப்பதிலும் பார்க்கக் குளித்து உடைமாற்றி வெளியே பத்து நிமிடம் நடத்தல், எதுவும் பேசத் தோன்றாவிடினும் நண்பரோடு அமர்ந்து உண்ணல் என்பன இவ்வறிவுரையின் இன்றைய வடிவங்களாகும். இச்செயல்களின் வெற்றியைச் செய்து முடித்த அளவினாலேயே மதிப்பிடுதல் வேண்டும். அவ்வேளையில் இன்பம் பிறந்ததா என்பதைக் கொண்டு மதிப்பிடுவோர் விரைவில் நம்பிக்கையிழப்பர். ஏனெனில் இன்பம் காலந்தாழ்த்தியே திரும்புகின்றது.

தோழமையின் பயனும் இவ்வாறே நிறுவனவடிவம் பெற்றது. 1953இல் லண்டனில் சாட் வரா என்னும் குருவானவர், வாழ்வில் நம்பிக்கையிழந்தோருக்கு உதவும் பணியைத் தொடங்கினார். அவரைக் காண வந்தோர் காத்திருந்தபோது, தொண்டர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் கூறுவதைச் செவிமடுத்தனர். பலருக்கு அதுவே போதிய ஆறுதலாக இருந்ததை அவர் கண்டார். குற்றங்காணாது கேட்டல் என்ற இம்முறையைப் பின்பற்றி இலங்கையில் 1974இல் சுமித்திரயோ அமைப்பு நிறுவப்பட்டது. எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பிறருக்குக் காட்டிய மருத்துவரின் செயலோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் புலனாகும்.

இவ்விடத்து ஓர் எல்லையையும் வரையறுத்துக்கொள்ளுதல் அவசியமாகும். அன்றாடச் சோர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. 1980இல் வெளியான அமெரிக்க உளநோய்ப் பகுப்பு நூல், தாழ்ந்த மனநிலையோ ஈடுபாட்டின்மையோ பிற குறிகளோடு குறைந்தது இரண்டு வாரங்கள் நீடிப்பதை நோயின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டது. அக்கால அளவு இன்றும் வழக்கிலுள்ளது. உறக்கமும் பசியும் தொடர்ந்து குலைதல், கற்றலும் வேலையும் முற்றாகத் தடைப்படுதல், வாழ்வதிற் பயனில்லை என்ற எண்ணம் தோன்றுதல் ஆகியன காணப்படுமிடத்து நடையும் நட்பும் மட்டும் போதா. மருத்துவரின் உதவியைத் தாமதமின்றி நாடுதல் வேண்டும். நீடித்த துயரம் மருத்துவத்துக்குரியது எனக் கிரேக்க மருத்துவர் வகுத்த நெறி இதிலே தொடர்கின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது, பரிகாரங்கள் காலந்தோறும் பெரிதும் மாறவில்லை என்பது தெரியவரும். அளவான வேலை, உடலசைவு, உறக்கம், தோழமை, உள்ளத்தைத் தொடும் கலை என்பன பாலைவனக் குடில் முதல் இன்றைய சிகிச்சை நிலையம் வரை திரும்பத் திரும்ப வந்துள்ளன. மாறியது அவை வழங்கப்பட்ட மனப்பான்மையே. சோர்வு குற்றமெனக் கொள்ளப்பட்டபோது வேலை தண்டனையாயிற்று, தோழமை கண்காணிப்பாயிற்று. சோர்வு ஒரு நிலையென உணரப்பட்டபோது அதே வேலை ஊன்றுகோலாயிற்று; அதே தோழமை துணையாயிற்று. ஜோன்சனும் மில்லும் பெருஞ்சோர்வுக்கு ஆளானபோது அவர்களுக்கு இன்றைய பல்கலைக்கழக மாணவரின் வயதே. ஒருவர் தம் துன்பத்தை வெளியிட்டு ஏமாற்றமடைந்தார். மற்றவர் அதனை வெளியிடவே துணியவில்லை. இன்று விரிவுரை மண்டபத்தில் ஓர் இருக்கை பல நாள்களாக வெறுமையாக இருப்பின், அதற்குரியவரைப் பற்றிய முடிவுக்கு வருமுன் அவரது அறைக்குச் சென்று நலம் விசாரித்தல் உடன் பயில்வோராலும் கற்பிப்போராலும் எளிதில் இயலக்கூடியதாகும். அவ்வாறு செல்பவர் ‘ஏன் வரவில்லை’ எனக் கேட்பதற்கு முன்னர் ‘எப்படி இருக்கிறீர்’ எனக் கேட்பாராயின், நண்பரின் பரிவும் துயரத்துக்கு மருந்தாகும் என அக்குவைனாஸ் எழுதியது அங்கே நடைமுறைக்கு வந்துவிடும்.